சோக்கை இழுத்தலும் விடுத்தலும்

தமிழாசிரியர் ஒருவர் மோட்டார் வண்டியைப் பற்றி எழுதப் புகுவது இம்மலரின் வாசகர் சிலருக்கு வியப்பைத் தரலாம். இலக்கணங் கற்பிப்பவனுக்கும் எஞ்சினுக்கும் என்ன உறவு என்று எம்முடன் கற்ற நண்பர்கள் நகைக்கவுங் கூடும். யாம் எஞ்சின் திருத்துந் தொழிலை முறையாகக் கற்றோமல்லேம். ஆயினும், பழைய கார் ஒன்றின் எஞ்சின் இயங்குமா இயங்காதா என்பதிலே எமது வீட்டின் ஓருயிர் தங்கியிருந்த இரவொன்றைக் கண்டிருக்கிறோம். அவ்விரவைப் பற்றிப் பின்னர்க் கூறுவோம். இப்பொழுது எம்மை எழுதத் தூண்டியது வேறொரு நிகழ்ச்சி.

எம்முடன் ஒரே வகுப்பிற் கற்று, இன்று வெளிநாட்டில் வாழும் பழைய மாணவர் ஒருவர், தந்தையாரின் ஆண்டுத் திவசத்துக்காகச் சென்ற மார்கழியில் ஊருக்கு வந்திருந்தார். தந்தையார் பேணிவந்த 1958 ஆம் ஆண்டு மொறிஸ் மைனர் கார், இரண்டு ஆண்டுகளாக அசைவின்றிக் கொட்டிலில் நின்றது. நண்பர் புதிய பற்றரி வாங்கிப் பூட்டினார். பழைய பெற்றோலை வடித்துப் புதிய பெற்றோல் ஊற்றினார். மூன்று நாட் காலையும் முயன்றார். ஸ்ராட்டர் சுழன்றதேயன்றி எஞ்சின் ஒருமுறையேனும் தீப்பற்றவில்லை. மூன்றாம் நாள் மாலை, பழைய இரும்பு வாங்குபவர் ஒருவர் வந்து விலையும் பேசிவிட்டார். "அப்பாவோடை அதுவும் போயிட்டுது, மச்சான்" என்று நண்பர் எம்மிடஞ் சொன்னபோது, எமது ஒழுங்கையில் வாழும் முதிய வாடகைக் காரோட்டி ஒருவரை யாம் நினைந்தோம். வயது எழுபதைக் கடந்தவர். சிறுவயது முதல் யாம் அண்ணை என்றே அழைத்து வருபவர்.

அவர் மறுநாட் காலையில் வந்தார். சாவியைத் திருப்பச் சொல்லிச் செவிசாய்த்து நின்றார். மொறிஸ் மைனரின் பெற்றோற் பம்பி மின்சாரத்தால் இயங்குவது. சாவியைத் திருப்பியதும் 'டிக், டிக்' என்று விரைந்தடித்து, காபரேற்றரின் கிண்ணம் நிறைந்ததும் அடங்கிவிடும். அவ்வோசை கேட்டது, அடங்கியது. "பெற்றோல் வருகுது. இனிச் சோக்கை இழும், தம்பி" என்றார். நண்பர் குமிழை இழுத்தார். அண்ணை பொனற்றுக்குள் ஒருகணம் உற்று நோக்கிச் சிரித்தார். குமிழ் வெளியே வந்ததேயன்றிக் காபரேற்றரில் உள்ள நெம்பு அசையவேயில்லை. இடையிலுள்ள கம்பி அதன் பிடியிலிருந்து நழுவியிருந்தது. அவர் அந்நெம்பைத் தம் விரலால் இழுத்துப் பிடித்துக்கொண்டு, "இப்ப ஸ்ராட் பண்ணும்" என்றார். இரண்டாம் முயற்சியில் எஞ்சின் உயிர்பெற்றது. நண்பர் ஸ்ரியறிங்கிற் கையை வைத்தபடி நெடுநேரம் ஒன்றும் பேசாதிருந்தார். இரும்பு வாங்குபவர் அன்று வெறுங்கையோடு திரும்பினார்.

அண்ணை விரலாற் செய்தது யாது? அதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

எஞ்சினின் குளிர்

குளிர் என்றதும் நுவரெலியாவின் தைமாதப் பனியே நமக்கு நினைவுக்கு வரும். யாழ்ப்பாணத்தில் ஏது குளிர் என்று கேட்கத் தோன்றும். நமக்குக் குளிர் என்பது வேறு. எஞ்சினுக்குக் குளிர் என்பது வேறு. செவ்வனே ஓடிச் சூடேறிய எஞ்சினைச் சுற்றிவரும் நீரின் வெப்பநிலை ஏறத்தாழ 80 பாகை செல்சியசு அளவில் இருக்கும். இரவு முழுதும் நின்ற எஞ்சினோ யாழ்ப்பாணத்து விடியற்காலையில் 25 பாகை அளவிலேயே இருக்கும். நுவரெலியாவில் 10 பாகைக்குங் கீழே இறங்குவதுண்டு. ஆகவே வெயில் மிகுந்த நமது குடாநாட்டிலும், காலையில் முதன்முறை இயக்கும் எஞ்சின் குளிர்ந்த எஞ்சினேயாம்.

பெற்றோல் திரவமாக இருக்கும்போது எரிவதில்லை. அதன் ஆவியே காற்றோடு கலந்து எரிகின்றது. அன்றியும் பெற்றோல் ஒரே பொருளன்று. விரைவில் ஆவியாகும் பகுதிகளும் மெல்ல ஆவியாகும் பகுதிகளும் சேர்ந்தது அது. எஞ்சின் சூடாக இருக்கும்போது யாவும் ஆவியாகி விடும். குளிர்ந்திருக்கும்போது மெல்லிய பகுதிகளே ஆவியாகும். ஏனையவை, பிட்டுப் பானையின் மூடியில் நீராவி துளிப்பதுபோல, குழாயின் சுவரில் ஈரமாகப் படிந்துவிடும். நெடுநாள் நின்ற காரின் கிண்ணத்தில் எஞ்சிக் கிடக்கும் பெற்றோலில் அந்த மெல்லிய பகுதிகளும் பறந்துபோயிருக்கும். நெடுநாள் நின்ற வண்டி எளிதில் எழாமைக்கு இதுவும் ஒரு காரணமாகும்.

நிறையளவில் ஏறத்தாழ 15 பங்கு காற்றுக்கு ஒரு பங்கு பெற்றோல் என்பதே முழுதும் எரிதற்கேற்ற கலவை. குளிர்ந்த எஞ்சினுக்கு இந்த அளவிலேயே பெற்றோலை அனுப்பினால் அதில் ஆவியாகுஞ் சிறுபகுதி எரிதற்குப் போதாது. ஆதலின் போதிய ஆவி கிடைக்கும்வரை மிகுதியாகத் திரவத்தை அனுப்ப வேண்டியிருக்கின்றது. பழைய மாணவர் சங்கக் கூட்டத்துக்கு ஐம்பது பேர் வரவேண்டுமாயின் இருநூறு பேருக்கு அழைப்பு விடுக்கும் செயலாளரின் முறையே இதுவும் எனலாம்.

மூச்சடைப்பு

சோக்கு என்னும் ஆங்கிலச் சொல் மூச்சை அடைத்தல் என்னும் பொருளது. பெயர் மிகப் பொருத்தமானது. காபரேற்றரின் நடுவே ஒடுங்கிய தொண்டை ஒன்றுண்டு. பிஸ்ரன் கீழிறங்கும்போது காற்று அத்தொண்டை வழியே விரைந்து செல்லும். விரைந்து செல்லுமிடத்தில் அதன் அமுக்கங் குறைவதனால், அங்குள்ள நுண்துளை வழியாகப் பெற்றோல் உறிஞ்சப்படுகின்றது. அத்தொண்டைக்கு மேலே, காற்று நுழையும் வாயிலில், அச்சொன்றிற் சுழலும் வட்டத் தகடு ஒன்றை அமைத்திருப்பர். அதுவே சோக்கு. தகட்டை மூடினால் காற்று தடைப்படும். பிஸ்ரனின் உறிஞ்சல் முழுவதும் பெற்றோற் றுளையின் மீதே சென்று பொருந்தும். காற்றுக் குறைய, பெற்றோல் மிகும், கலவை செறிவடையும். சோடாப் போத்தலில் உறிஞ்சு குழலை இட்டு உறிஞ்சும் சிறுவன், குழலின் பக்கத்தில் இருக்கும் ஓட்டையை விரலால் மூடியதும் பானம் மிகுதியாக வருவது போன்றது இது.

மொறிஸ் மைனரில் உள்ள எஸ்.யூ. காபரேற்றரில் இத்தகடு இல்லை. அங்கே பெற்றோற் றுளைக்குள் கூர்மையாய்ச் சரிந்த ஊசியொன்று இறங்கி நிற்கும். சோக்குக் குமிழை இழுத்தால் துளையமைந்த குழல் கீழே இறங்கும். ஊசியின் மெலிந்த பகுதி துளைக்கு நேரே வருதலால் இடைவெளி பெருகி, பெற்றோல் மிகுதியாக வெளிவரும். வழி வேறாயினும் பயன் ஒன்றே. நண்பரின் காரில் குமிழ் நகர்ந்தும் குழல் இறங்கவில்லை. சூடான எஞ்சினுக்குரிய மென்கலவையையே குளிர்ந்த எஞ்சின் மூன்று நாளும் பெற்றது. அண்ணையின் விரல் அக்குழலைக் கீழிறக்கியது; அவ்வளவே.

கையாற் சோக்கை இயக்கும் முறை

முதற்கண், கதவுகள் அடைத்த கராஜினுள்ளே குளிர்ந்த எஞ்சினை ஒருபோதும் இயக்கலாகாது. செறிந்த கலவை முழுதும் எரியாமையால் காபன் மொனொக்சைட்டு என்னும் நச்சுவாயு மிகுதியாக வெளிவரும். அதற்கு மணமில்லை, நிறமில்லை, ஆளைக் கொல்லும்.

வண்டியை நியூற்றலில் விட்டுக் கைப் பிறேக்கை இழுத்துக்கொள்க. சோக்குக் குமிழை முழுதும் வெளியே இழுக்க. சாவியைத் திருப்பி, மின்பம்பி உள்ள காராயின் அதன் ஓசை அடங்கும்வரை பொறுக்க. பின்னர் ஸ்ராட்டரைச் சில செக்கன்களே இயக்குக. எஞ்சின் எழாவிடின் சிறிது இடைவெளி விட்டு மீளவும் முயல்க. இடைவிடாது சுழற்றினால் பற்றரியே சோரும். எஞ்சின் எழுந்தவுடன் குமிழைச் சிறிது உள்ளே தள்ளுக. ஓட்டஞ் சீராகச் சீராக மேலும் தள்ளி, இரண்டொரு நிமிடத்தில் முழுதும் உள்ளே விடுக. நமது வெப்பநாட்டில் இதற்கு மேற் பொழுது வேண்டுவதில்லை. உள்ளே தள்ளும்போது எஞ்சின் இருமி அடங்கப் பார்த்தால், இன்னும் பெற்றோல் வேண்டும் என்பது பொருள். கரும்புகை கக்கி, ஓட்டம் தடுமாறி, பெற்றோல் மணம் வீசினால், போதும் என்பது பொருள்.

ஈண்டுதான் பலர் தவறுகின்றனர். சோக்கை இழுக்க நினைவு கொள்பவர் அதனை விடுக்க மறந்துவிடுகின்றனர். சோக்கு இழுத்தபடியே சந்தைக்கும் கோயிலுக்கும் ஓடிய கார்களை யாம் அறிவோம். அதனால் வருங் கேடு பெற்றோற் செலவு மட்டுமன்று. எரியாத பெற்றோல் சிலிண்டரின் சுவரிலுள்ள எண்ணெய்ப் படலத்தைக் கழுவிவிடும். அங்கே இரும்போடு இரும்பு உராய்ந்து தேயும். கழுவிய பெற்றோல் கீழே இறங்கி எஞ்சின் எண்ணெயோடு கலந்து அதனை நீர்த்துப்போகச் செய்யும். பிளக்குகளிற் கரி படிந்து மறுநாள் தீப்பொறியே எழாது. எழுப்புதற்கு வந்த துணை அளவு கடந்து நின்றால் அதுவே பகையாகி விடுகின்றது.

மிகுதியான பெற்றோலால் பிளக்குகள் நனைந்து எஞ்சின் எழாமற் போவதை 'மூழ்கிப்போயிற்று' என்பர். அந்நிலையில் மேலும் சோக்கை இழுப்பது நீரில் மூழ்கியவனுக்கு நீர் பருக்குவது போலாகும். சோக்கை முழுதும் உள்ளே தள்ளி, அக்சிலரேற்றரை அடிவரை மிதித்து அப்படியே பிடித்துக்கொண்டு ஸ்ராட்டரைச் சுழற்ற வேண்டும். உள்ளே புகுங் காற்று மிகுந்த பெற்றோலை வெளியே தள்ளிவிடும். அதற்கும் எழாவிடின் பிளக்குகளைக் கழற்றித் துடைத்து உலர்த்துவதே வழி.

தானியங்குஞ் சோக்கு

மனிதனின் இம்மறதியை நோக்கியே தானாக இயங்குஞ் சோக்கு அமைக்கப்பட்டது. நம் நாட்டிற் பலர் கண்ட வொக்ஸ்வாகன் 'ஆமைக்' காரில் 1961 ஆம் ஆண்டு மாதிரி முதல் இது வந்தது. வெப்பத்தால் வெவ்வேறளவு நீளும் இருவகை உலோகங்களை ஒட்டிச் செய்த சுருள் ஒன்று அதிலுண்டு. குளிரில் அச்சுருள் முறுகித் தகட்டை மூடி வைக்கும். சாவியைத் திருப்பியதும் சிறிய மின்கம்பி ஒன்று சூடாகிச் சுருளைச் சூடாக்கும். சுருள் தளரத் தளரத் தகடு மெல்லத் திறக்கும். வேறு கார்களிற் புகைபோக்கியின் வெப்பக்காற்றோ, எஞ்சின் நீரோ அச்சுருளைச் சூடாக்குவதுண்டு.

இதனை இயக்குவதற்கு முன் அக்சிலரேற்றரை ஒருமுறை அடிவரை மிதித்து விட்டுவிட வேண்டும். அப்பொழுதே தகடு மூடிக்கொள்ளும். எஞ்சினைச் சிறிது விரைந்து ஓடவைக்கும் படியமைப்பும் தன்னிடத்தில் வந்து பொருந்தும். இதனையறியாது எத்துணை முறை ஸ்ராட்டரைச் சுழற்றினும் எஞ்சின் எழுதல் அரிது. சுருள் பழுதாயினோ, மின்கம்பி அறுந்தாலோ, தகடு திறவாது நின்றுவிடும். கையாற் சோக்கு இழுத்தவன் மறதியால் செய்த கேட்டை இப்பொறி பழுதினாற் செய்யும். ஆகவே தானியங்குங் கருவியும் கண்காணிப்பை வேண்டியே நிற்கின்றது.

மண்ணெண்ணெய்க் காலத்து ஓரிரவு

1990 ஆம் ஆண்டிற் போர் மீண்டும் மூண்டபின், பொருளாதாரத் தடையினால் வடபகுதிக்குப் பெற்றோல் வருவது நின்றது. மின்சாரமும் இல்லை. அந்நாளில் யாழ்ப்பாணத்து மோட்டார் வண்டிகள் மண்ணெண்ணெயில் ஓடியதை இம்மலரின் வாசகர் பலர் கண்ணாரக் கண்டிருப்பர். வெண்புகையும் அதன் மணமும் எமது இளமைக் காலத்தின் மணங்களேயாம்.

மண்ணெண்ணெய் பெற்றோலினுங் கனத்தது. குளிர்ந்த எஞ்சினில் ஆவியாகவே மாட்டாது. எஞ்சின் சூடேறியபின்னரே அது தக்கவாறு எரியும். எனவே தொடக்கத்துக்கு மட்டுஞ் சிறிது பெற்றோல் வேண்டும். இங்கிலாந்தில் 1949 முதல் வந்த பெர்குசன் உழவு இயந்திரங்களுள் ஒருவகை, பெற்றோலில் எழுந்து, சூடேறியபின் மண்ணெண்ணெய் போன்ற எரிபொருளில் ஓடுமாறு தொழிற்சாலையிலேயே அமைக்கப்பட்டிருந்தது. நமது காரோட்டிகள் அதே முறையைத் தேவையாற் கண்டுகொண்டனர். சிலிண்டரில் கலவையை மிக நெருக்காத பழைய எஞ்சின்கள் மண்ணெண்ணெயை ஒருவாறு தாங்கின. 1952 முதல் 1954 வரை செய்யப்பட்ட ஒஸ்ரின் ஏ40 சொமர்செற் போன்ற கார்கள், புதிய கார்கள் முடங்கிக் கிடந்த காலத்தில் ஊருக்கு உதவியமைக்கு இது காரணமாகும்.

1993 ஆம் ஆண்டு மாரிகாலத்தில் ஒருநாள் நள்ளிரவில், ஆறு வயதான எமது தங்கைக்குத் தொய்வு கடுமையாயிற்று. மூச்சு இழுத்தது, உதடு நீலம் பாரித்தது. யாம் அப்பொழுது பதின்மூன்று வயதுச் சிறுவன். ஒழுங்கை வழியே ஓடி அண்ணையை எழுப்பினோம். அவரது ஏ40 கார் மழையில் நனைந்து குளிர்ந்து நின்றது. மருந்துப் போத்தல் ஒன்றிற் சிறிது பெற்றோலை அவர் காத்து வைத்திருந்தார். காற்று வடியை அகற்றிக் காபரேற்றரின் வாயிற் சில துளி ஊற்றிக் கைபிடி கொண்டு சுழற்றினார். எஞ்சின் எழவில்லை. பதற்றத்தில் இருந்த எமது தந்தையார், "ஊத்து தம்பி, இன்னும் ஊத்து" என்றார். அண்ணை இன்னும் ஊற்றினார். பெற்றோல் மணமே எழுந்தது.

தந்தையார் மூன்றாம் முறை கேட்டபோது அண்ணை போத்தலை மூடிச் சட்டைப்பையில் வைத்துவிட்டார். "பொறுங்கோ ஐயா. இனி ஊத்தினால் இண்டைக்கு ஸ்ராட் வராது" என்றார். தங்கை அம்மாவின் மடியில் மூச்சுக்குப் போராட, அவர் நான்கு பிளக்குகளையும் ஒவ்வொன்றாகக் கழற்றினார். வண்டியிலிருந்து தொலைவிலுள்ள எமது அடுப்படிக்கு அவற்றைக் கொண்டுசென்று துடைத்து அனலிற் சூடாக்கினார். பிளக்குகள் இல்லாத எஞ்சினைக் கைபிடியாற் பலமுறை சுழற்றி மிகுந்த பெற்றோலை வெளியேற்றினார். கால் மணி நேரம் சென்றிருக்கும். அவர் வேண்டுமென்றே தாமதிக்கிறார் என்றே யாம் எண்ணினோம். அவரை உள்ளத்தால் வெறுத்தோம் என்பதையும் மறைப்பதற்கில்லை.

சூடான பிளக்குகளைப் பூட்டி, போத்தல் மூடியில் அரைவாசி பெற்றோல் மட்டும் அளந்து ஊற்றினார். பெருவிரலை மற்றை விரல்களோடு ஒரே பக்கத்தில் வைத்துக் கைபிடியைப் பற்றி மேனோக்கி இழுத்தார். எஞ்சின் உதைத்தால் கைமுறியாதிருக்க அதுவே முறை என்பது பின்னர் அவர் சொல்லி எமக்குத் தெரியும். முதல் இழுப்பிலேயே எஞ்சின் எழுந்தது. பெரியாஸ்பத்திரிக்குச் சென்று சேர்ந்தோம். தங்கை பிழைத்தாள். இன்று அவளும் ஓர் ஆசிரியை.

நெடுங்காலம் அவ்விரவின் பொருளை யாம் உணர்ந்தோமல்லேம். எரிபொருள் பற்றாமையால் வண்டி எழவில்லை என்று நினைத்தோம். அது மிகுந்தமையாலேயே எழாதிருந்தது. ஊற்றுவது எல்லோர்க்கும் எளிது. ஊற்றாமல் நிற்பதற்குக் காரணம் அறிந்திருக்க வேண்டும். அறிந்ததைப் பிறர் பதற்றத்தின் நடுவே கைவிடாத துணிவும் வேண்டும்.

இன்றைய கார்களிற் சோக்கும் இல்லை, காபரேற்றரும் இல்லை. எஞ்சினின் வெப்பத்தை உணர்கருவி அளந்து சொல்ல, கணினி பெற்றோலை அளந்து தெளிக்கின்றது. அண்ணை விரலாலும் போத்தல் மூடியாலும் அளந்த அளவையே அதுவும் அளக்கின்றது. எனினும் நமது ஊர்களில் ஏ40 கார்களும் மொறிஸ் மைனர்களும் இன்னும் ஓடுகின்றன. கொட்டில்களிற் பல உறங்குகின்றன. தந்தையாரின் காரை இரும்புக்கு விலைபேசும் முன், அதன் சோக்குக் குமிழை ஒருமுறை இழுத்துப் பார்த்து, உள்ளே நெம்பு அசைகின்றதா என்று நோக்குமாறு பழைய மாணவர் யாவரையும் வேண்டுகிறோம். எஞ்சின் எழுந்தபின், குமிழை உள்ளே தள்ள மறவாதீர்கள்.

நண்பர் தமது காரை விற்கவில்லை. ஊரிலுள்ள தமக்கையாரின் மகனிடம் அதனை ஒப்படைத்துச் சென்றார். ஞாயிறுதோறும் காலையில் அண்ணை அங்கே சென்று, அவ்விளைஞனுக்குச் சோக்கை எப்பொழுது விடுவது என்று கற்பித்து வருகின்றார்.